பன்னிரண்டு கைகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் வேல் ஸ்டுடியோ வைத்திருந்த குழந்தைவேலுவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அம்மைத் தழும்போடு உள்ளே போனால் வழுவழுப்பாக வெளியே வரலாம் என்பார்கள். வெளியே வருவது என்னவோ அதே முகம்தான். படம்தான் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் படத்தைத்தானே பார்க்கிறார்கள்? குழந்தைவேலு பத்தர் வீட்டுப் பிள்ளை. நகை வேலைக்கு வேண்டிய கண்ணும் கையும் வாய்த்திருந்தன, நகை செய்யப் பொறுமை மட்டும் வாய்க்கவில்லை. இருபத்தைந்து வயதில் ஒரு பழைய காமிராவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

அவன் செய்கிற வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நெகட்டிவில் எல்லாமே மாறித் தெரியும். வெளுத்தது கறுப்பாக இருக்கும், கறுத்தது வெளுப்பாக இருக்கும். கன்னத்தில் கறுப்பாக ஒரு தழும்பு இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அந்த இடத்தின் மேல் ஊசிபோலச் சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகத் தடவி அடைத்துவிட்டால், காகிதத்தில் படம் விழும்போது தழும்பு போன இடம் தெரியாது. டச்சிங் என்று அதற்குப் பெயர். குழந்தைவேலுவிடம் யாரும் அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, எல்லாப் படத்துக்கும் செய்வான். டச் பண்ணாத படத்தை ஒருவர் கையில் கொடுப்பது, விருந்தாளிக்கு இலையைத் துடைக்காமல் சோறு போடுவது மாதிரி என்று அவனுக்கு நினைப்பு.

1971 கார்த்திகை மாதம். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கி மூன்றாம் நாள். டீக்கடை ரேடியோக்களைச் சுற்றி ஊரே நின்றது. அன்றைக்குக் காலையில் மாயக்கண்ணன் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தான். ‘தென்பாண்டிச் சுடர்’ பத்திரிகைக்குக் காரைக்குடியில் அவன்தான் ஏஜெண்ட், அவன்தான் நிருபர், விளம்பரம் பிடித்து அனுப்புகிறவனும் அவன்தான். காலையில் சைக்கிளில் பேப்பர் போடுவான். மத்தியானம் சேதி எழுதிக் கவரில் போட்டு மதுரை பஸ்ஸில் ஏற்றுவான்.

“வேலு, பேப்பருக்கு ஒரு படம் வேணும்ப்பா. நாலு மணி பஸ்ஸுக்குக் குடுத்துரணும்” என்றான்.

பெண்கள் மானகிரி ரோட்டுப் பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். பட்டாளத்துக்குக் குண்டு அடைக்கும் மரப்பெட்டிகளைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்யும் கம்பெனி அது. கரையான் அரிக்காமல் இருக்கப் பலகைகளைப் பச்சை மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். அதற்குத்தான் பெண்கள். கையுறை கிடையாது, வெறுங்கைதான். நாலு மாதத்தில் விரல் முட்டிகளில் வட்டம் வட்டமாகக் குழி விழுந்துவிட்டது. ஆணியை வைத்து அடித்துப் பிடுங்கினாற்போல இருந்தது. எல்லோருக்கும் மூத்தவள் சோணையம்மாள், ஐம்பது வயதிருக்கும். அவளுக்கு வலது கையில் மூன்று நகங்களே இல்லை.

“மானேசர்கிட்டக் கேட்டோம் தம்பி. எல்லையில சிப்பாய் ரத்தம் சிந்துறான், ஒங்களுக்குச் சொறி வந்தது பெருசாப் போச்சான்னாரு” என்றாள் சோணையம்மாள். “எங்க மூஞ்சி வேணாம். கையை மட்டும் எடுங்க.”

“மூஞ்சி இல்லாட்டி யாரு கைன்னு கேப்பாக ஆத்தா” என்றான் மாயக்கண்ணன். “ரெண்டும் தெரியணும். நான் நல்லா எழுதுறேன், நீங்க கவலைப்படாதீக.”

ஆறு பேரும் வரிசையாக நின்று புறங்கையைக் காமிராவுக்குக் காட்டினார்கள். கடைசியில் நின்றவள் முத்தழகு. பத்தொன்பது வயது. கண்மாய் வற்றி, இருந்த ஒரு குறுக்கம் நிலமும் விளையாமல் போனதால் வேலைக்கு வந்தவள். மற்றவர்கள் கூச்சப்பட்டுக் கையை நீட்ட, அவள் மட்டும் சண்டைக்குப் போகிறவள் மாதிரி நீட்டினாள். குழந்தைவேலு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஒரே பிலிமில் ஆறு பேரையும் எடுத்தான்.

நெகட்டிவ் காய்ந்துகொண்டிருக்கும்போது கொல்லைப்பக்கமாக ஒரு அம்மாள் வந்து நின்றாள். முத்தழகின் தாய் மீனம்மாள்.

“தம்பி, அரியக்குடியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரவுக தை மாசம் தட்டு மாத்த வாராக. இந்தக் கையோட எம்மகளைப் பேப்பர்ல பாத்தாகன்னா பெருவியாதின்னு சொல்லிப்புடுவாக. எங்க குடும்பத்துல வேற பொண்ணுக்கும் மாப்பிள்ளை கிடைக்காது. அவ கையை மட்டும் சரி பண்ணிருங்க தம்பி. ஒங்களுக்குத் தெரியாத வித்தையா?”

“முத்தழகுக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா என்னைத் தின்னுருவா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

குழந்தைவேலு சத்தியம் செய்து கொடுத்தான். இதிலென்ன பெரிய காரியம் இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும் டச்சிங் டெஸ்க்கில் நெகட்டிவை மாட்டிப் பென்சிலை எடுத்தான். முத்தழகின் கைகளை முடித்தான். அப்புறம் பார்த்தால் ஐந்து பேர் கைகளில் குழி, ஒருத்தி கை மட்டும் தாமரைப்பூ. அது கண்ணை உறுத்தியது. பக்கத்தில் நிற்கும் பொன்னுத்தாயி கையையும் கொஞ்சம் தேற்றினான். பிறகு அடுத்தவள். பென்சில் தன்பாட்டில் போயிற்று. புண்ணைப் பற்றித்தான் மாயக்கண்ணன் எழுத்தில் எழுதப்போகிறானே, படத்தில் ஆட்களாவது லட்சணமாக இருந்துவிட்டுப் போகட்டுமே! பேப்பரில் படம் வருவதென்பது ஆயுசுக்கு ஒரு தடவை. சோணையம்மாளின் விழுந்த நகங்களைக்கூட அவன் வைத்துக் கொடுத்தான். அந்த வேலையின் நேர்த்தியைப் பார்த்து அவனுக்கே ஒரு பூரிப்பு வந்தது. பாவி.

நாலு மணி பஸ்ஸில் படம் போய்விட்டது.

மூன்றாம் நாள் பேப்பர் வந்தது. கொட்டை எழுத்தில், ‘புண் எங்கே? கைகளை வாசகர்களே பாருங்கள்!’ என்று போட்டிருந்தார்கள். கீழே அவன் எடுத்த படம், மூன்று பத்தி அகலத்துக்கு. தாய்நாடு போர்முனையில் நிற்கும் வேளையில் ராணுவத்துக்குப் பெட்டி செய்து கொடுக்கும் நிறுவனத்தின் மீது சிலர் தூண்டுதலால் பழி சுமத்தப்படுகிறது என்றும், படத்திலுள்ள கைகளே அதற்குப் பதில் சொல்லும் என்றும் எழுதியிருந்தது. அதே பக்கத்தின் அடியில் பெட்டிக் கம்பெனியின் விளம்பரம், கால் பக்கத்துக்கு. வீர ஜவான்களுக்கு வணக்கமாம்.

குழந்தைவேலு அதை இரண்டு தடவை படித்தான். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் ஓடியது. எழுந்தான், உட்கார்ந்தான், கடையைப் பூட்டினான், பூட்டியதைத் திறந்தான். என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பத்து மணிக்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆறு பேரையும் அன்று காலை கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சோணையம்மாள் பேப்பரை அவன் முன்னால் விரித்தாள். நகமில்லாத விரலை, நகமுள்ள அந்த விரலின் மேல் வைத்தாள்.

“ஒங்ககிட்ட நாங்க அழகையா கேட்டோம், தம்பி?”

பொன்னுத்தாயி அழுதாள். ஒருத்தி, கம்பெனிக்காரன் கொடுத்த காசுக்கு இவன் இப்படிச் செய்திருக்கிறான் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். முத்தழகு மட்டும் பேப்பரில் இருந்த தன் கையையும் தன்னுடைய சொந்தக் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒங்க ஆத்தாதான் கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பழி இறங்கியிருக்கும். ஆனால் சத்தியம் செய்து கொடுத்திருந்தானே.

அவர்கள் போனதும் நேரே மாயக்கண்ணன் வீட்டுக்கு ஓடினான்.

“நீயே பாத்தியேய்யா அந்தக் கைகளை! புண்ணுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“பாத்தேன், புண்ணுன்னுதான் எழுதியும் அனுப்புனேன். மதுரையில படத்தைப் பாத்திருக்காக. படத்துல ஒண்ணுமில்ல. என் எழுத்தைத் தூக்கிப் போட்டுட்டு அவுகளா எழுதிக்கிட்டாக. நான் என்னப்பா செய்ய?”

“விளம்பரம் எப்ப வந்துச்சு?”

மாயக்கண்ணன் சைக்கிள் செயினைத் துடைக்கத் தொடங்கினான். “அது முன்னாடியே பேசினது” என்றான்.

“தப்பு என்னோடதுன்னு எழுதித் தாரேன். திருத்திப் போடச் சொல்லு.”

“வேலு, ஊரு இருக்கிற இருப்புல பட்டாளத்துக்குச் சாமான் செய்யிறவனைப் பத்தி எவன் ஒரு வரி போடுவான்? இனி நீ புண்ணோட ஒரு படம் கொண்டாந்தா என்ன சொல்லுவாக தெரியுமா? புண்ணைத்தான் பென்சிலால வரைஞ்சிருக்கான்னு சொல்லுவாக. பேசாம இரு.”

குழந்தைவேலுவால் பேசாமல் இருக்க முடியவில்லை. இன்னொரு படம் எடுக்கிறேன் என்று சோணையம்மாள் வீட்டுக்கு இரண்டு முறை போனான். ஒருமுறை ஏமாந்தது போதும் என்று அவள் கதவைச் சாத்தினாள். வேறு யாரையாவது வைத்து எடுக்கலாம் என்றால் மற்ற ஸ்டுடியோக்காரர்களோ, பெட்டிக் கம்பெனி விவகாரமா, ஆளை விடு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் காட்டப் போன ஆஸ்பத்திரியிலும் சீட்டில் தோல் வியாதி என்று மட்டும் எழுதிக் களிம்பு கொடுத்தார்கள். சண்டை முடிந்தது. வெற்றி ஊர்வலத்துக்குப் பெட்டிக் கம்பெனி முதலாளி தலைமை தாங்கினார், அந்தப் படத்தையும் சுடர் முதல் பக்கத்தில் போட்டது. தொட்டியை விட்டு விலகிய கைகள் மெல்ல ஆறிப்போயின. குழிகள் மூடி, தழும்பு மட்டும் நின்றது. தை மாதம் அரியக்குடிக்காரர்கள் வந்தபோது மீனம்மாள் மகளுக்குக் கை நிறைய மருதாணி வைத்து உட்கார வைத்தாள். பேப்பரில் படம் வந்த பெண் என்பதில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு ஏகப்பெருமை. பங்குனியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போனார்கள்.

குழந்தைவேலுவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த நெகட்டிவை ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தான். நாளுக்கு நாலு தடவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், திரும்ப வைப்பான். பஞ்சில் டர்பெண்டைனைத் தொட்டு ஒரு துடை துடைத்தால் பென்சில் அத்தனையும் போய்விடும், உள்ளே புண் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரே பிலிமில் ஆறு பேர், அதில் முத்தழகும் ஒருத்தி.

மாசி மாதம், சோணையம்மாள் யார் யாரையோ பிடித்து எழுதிப் போட்ட மனு வேலை செய்தது. மதுரையிலிருந்து லேபர் ஆபீசர் விசாரணைக்கு வருகிறார், படம் எடுத்தவரும் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. கடிதம் வந்த அன்றைக்கே மீனம்மாளும் வந்தாள், இந்தமுறை வாசல் வழியாகவே.

“சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீக தம்பி. கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு. எம்மக வாழ்க்கை ஒங்க கையில இருக்கு” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் சீதாலட்சுமி, குழந்தைவேலுவின் மனைவி. இரண்டு மாதமாகப் புருஷன் படுகிற பாட்டைப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

“ஆளாளுக்கு அந்தப் புள்ள கையைப் பத்தியே பேசுறீகளே, அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?” என்றாள்.

“அவகிட்டச் சொல்லமாட்டேன்னுல்ல சத்தியம் பண்ணிருக்கேன்.”

“நல்ல சத்தியம்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். தான் கெட்டிக்காரன் என்கிற நினைப்பு மனுஷனை எத்தனை தடவை கவிழ்த்தாலும் போவதில்லை. ஐந்து பேர் கையை மட்டும் துடைப்பது, முத்தழகு கையைத் தொடாமல் விட்டுவிடுவது. நியாயமும் ஆச்சு, சத்தியமும் ஆச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டான்.

விசாரணை டிராவலர்ஸ் பங்களாவில் நடந்தது. ஆபீசர் மூக்குக்கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். மேஜை மேல் சுடர் பேப்பர் விரித்திருந்தது. கம்பெனி மானேஜர் அதைத்தான் சாட்சியாகக் கொடுத்திருந்தார். பெண்கள் கையை நீட்டித் தழும்பைக் காட்டினார்கள். சிரங்கு வந்த தழும்பு, அடுப்பு சுட்ட தழும்பு, வீட்டில் எதுவோ நடந்ததற்கெல்லாம் கம்பெனி பொறுப்பாக முடியாது என்றார் மானேஜர்.

“வேலை பார்த்துக்கொண்டிருந்த நாளில் எடுத்த படம் இது. இதில் ஒன்றும் இல்லையே” என்று ஆபீசர் பேப்பரைத் தட்டினார்.

“அது நான் பண்ணினதுங்கய்யா” என்று எழுந்தான் குழந்தைவேலு. “புண்ணு இருந்துச்சு. பென்சிலால மறைச்சேன். கம்பெனியில யாரும் சொல்லல, பழக்க தோஷத்துல நானாத்தான் செஞ்சேன்.”

மானேஜர் சிரித்தார். “அன்னைக்கு மறைச்சேங்கிறான். நாளைக்குப் புண்ணை வரைஞ்சு கொண்டாந்து இதுதான் அசலும்பான். இவனை எப்படி சார் நம்புறது?”

“நம்ப வேணாம். வந்து பாருங்க. என் ஸ்டுடியோ கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. ஒங்க கண்ணு முன்னால துடைச்சு, ஒங்க கண்ணு முன்னால படம் போடுறேன்.”

ஆபீசர் எழுந்தார். செக்காலை ரோட்டில் அந்த ஊர்வலத்தைப் பார்க்கக் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். முன்னால் ஆபீசர், பக்கத்தில் மானேஜர், பின்னால் ஆறு பெண்கள், அவர்களுக்கும் பின்னால் மீனம்மாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாயக்கண்ணன்.

டெஸ்க்கில் குழந்தைவேலு நெகட்டிவை மாட்டினான். சாய்த்துப் பிடித்ததும் பென்சில் தடவிய இடங்கள் மினுங்கின. ஆபீசர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, டர்பெண்டைனில் தோய்த்து, ஐந்து பேர் கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். பஞ்சு கறுத்தது. ஆறாவதாக முத்தழகின் கை வந்ததும் குச்சியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தான்.

இருட்டறைக்குள் ஆபீசர், மானேஜர், சோணையம்மாள், முத்தழகு நாலு பேரைத்தான் நிறுத்த முடிந்தது. சிவப்பு விளக்கில் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினான். வெள்ளைக் காகிதத்தில் முதலில் தலைமுடிகள் வந்தன, பிறகு கண்கள், பிறகு கைகள். சோணையம்மாளின் கையில் கறுப்புக் கறுப்பாகக் குழிகள் எழும்பின. நகமில்லாத மூன்று விரல்கள் வந்தன. அவள் “ஆத்தாடி” என்றாள். தன் கையைத் திரும்பப் பார்த்த மாதிரி அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“சார், இங்க பாருங்க” என்றார் மானேஜர். குரலில் சந்தோஷம் வழிந்தது. “கடைசியா நிக்கிறவ கையைப் பாருங்க. சுத்தமா இருக்கு. ஆறு பேரும் ஒரே தொட்டியில வேலை பாத்தவங்கன்னு மனுவுல இவங்களே எழுதியிருக்காங்க. மருந்துதான் காரணம்னா இவளுக்கு மட்டும் ஏன் வரல? நான் சொன்னேனே, இது சிரங்கு. ஒருத்திகிட்ட இருந்து ஒருத்திக்கு ஒட்டியிருக்கு, இவ தழும்பும் வேலையை விட்டப்புறம் ஒட்டினதுதான்.”

ஆபீசர் தட்டின் மேல் குனிந்தார். “அது சரியான கேள்விதான்” என்றார்.

இரண்டாம் தடவையும் தன் கையாலேயே அவர்கள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று குழந்தைவேலுவுக்குத் தெரிந்தது. சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் முத்தழகு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கதவைத் திறந்து வெளியே நின்ற தாயைப் பார்த்தாள். மீனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“நீதானா ஆத்தா?” என்றாள். பிறகு குழந்தைவேலுவின் பக்கம் திரும்பினாள். “என் கையையும் துடைங்கண்ணே.”

“வேணாம்டி! பத்திரிகை அடிச்சாச்சுடி!” என்று மீனம்மாள் அலறினாள்.

“சோணையம்மா அத்தைக்கு இனிமே வெரலு மடங்காது. அவுக மனு என் கையால போகணுமா?” முத்தழகின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “துடைங்கண்ணே. இல்லாட்டி குச்சியைக் குடுங்க, நான் துடைச்சுக்கிறேன்.”

ஆபீசர் பார்க்க, மறுபடி டெஸ்க்கில் மாட்டித் துடைத்தான். மறுபடி படம் போட்டான். தட்டில் பன்னிரண்டு கைகளும் வந்தன. மற்ற எல்லோர் புண்ணையும்விட முத்தழகின் கையில் இருந்த புண்தான் ஆழமாக இருந்தது. தொட்டியின் ஓரத்தில் நின்று பலகையை உள்ளே அமுக்குகிற வேலை அவளுக்கு. மானேஜர் வெளியே போய்விட்டார். ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் படத்தின் பின்னால் ஆபீசர் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

நாலு நாள் கழித்து உத்தரவு வந்தது. தொட்டி வேலைக்கு ரப்பர் கையுறை கொடுக்க வேண்டும், ஆறு பேரையும் வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும், சோணையம்மாளுக்குக் கைக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். சுடரிலும் சேதி வந்தது. ‘போட்டோவில் தில்லுமுல்லு! ஸ்டுடியோக்காரர் ஒப்புதல்’ என்று தலைப்பு. ராணுவக் காண்டிராக்ட் நிறுவனம் ஒன்றின் மீதான புகார் குறித்து நடந்த விசாரணையில், பெண்களின் படத்தைப் பென்சிலால் திருத்தியது தான்தான் என்றும், நிறுவனத்துக்கு அதில் சம்பந்தமில்லை என்றும் காரைக்குடி ஸ்டுடியோ உரிமையாளர் குழந்தைவேலு ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் சேதி. எந்தப் புகார், என்ன உத்தரவு என்று ஒரு எழுத்து இல்லை. குழந்தைவேலு தேடித் தேடிப் பார்த்தான். ஒரு வரிகூடப் பொய் கிடையாது, எல்லாம் அவன் வாயால் சொன்னதுதான். அந்த ஆத்திரத்தில் பேப்பரைக் கிழித்தான், கிழித்ததை மிதித்தான், அப்புறமும் ஆத்திரம் அடங்கவில்லை.

படத்தைத் திருத்துகிற கூட்டத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று அரியக்குடிக்காரர்கள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனிக் கடைக்கு ஒரு ஈ காக்கை வராது என்று குழந்தைவேலு நினைத்தான். நடந்ததோ வேறு. மறுநாளே வாசலில் ஆள் நின்றது. திருக்கோஷ்டியூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார். “புண்ணையே காணாமப் பண்ணிருவீகளாமே, பேப்பர்ல போட்டிருந்துச்சே, அந்த வேலுங்கிறது நீங்கதானா?” என்று கேட்டு, மகளின் மாறுகண்ணைச் சரி பண்ணித் தரச் சொன்னார். அப்புறம் சொத்தைப் பல்லோடு ஒருவர், மேலுதட்டில் மருவோடு ஒரு பெண். இரண்டு வாரத்தில் வேலை தலைக்குமேல் போயிற்று. சீதாலட்சுமி டோக்கன் கொடுக்காத குறைதான். குழந்தைவேலு பென்சிலைச் சீவினான், அடைத்தான், சீவினான். ஒவ்வொரு நெகட்டிவிலும் அவனுக்குப் பன்னிரண்டு கைகள் தெரிந்தன.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம், அந்தக் கூட்டத்துக்கு நடுவே முத்தழகு வந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள், முந்தானையில் ரப்பர் கையுறை செருகியிருந்தது. பின்னால் மீனம்மாள், முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு. அவள் குழந்தைவேலுவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

“ஒரு படம் எடுக்கணும்ணே. எனக்கு மட்டும்.”

அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். வாய் தன்னால் சொல்லியது, “கையை மடியில வச்சு முந்தானையை மேல போட்டுக்கத்தா.”

அவள் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடி மேல் விரித்து வைத்தாள். வட்டம் வட்டமாகத் தழும்புகள்.

“இப்படியே எடுங்க. டச் பண்ணக் கூடாது. இனிமே எவன் பொண்ணு கேட்டு வந்தாலும் இதைப் பாத்துட்டே வரட்டும்.”

எடுத்தான். டச் பண்ணாமல் அவன் போட்ட முதல் படம் அதுதான். பெரிதாகப் போட்டான். அவளிடம் கேட்டுவிட்டு, ஸ்டுடியோ வாசலில் ரோட்டைப் பார்த்த கண்ணாடிப் பெட்டிக்குள், வழுவழுப்பான மாப்பிள்ளை பெண்களுக்கெல்லாம் நடுவில் வைத்தான். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இது பெட்டிக் கம்பெனிக் கைதானே என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பேப்பர் கட்டோடு வந்த மாயக்கண்ணன் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்றான்.

“வேலு, இதை எடுத்துருப்பா. பெட்டிக் கம்பெனி முதலாளி ரெண்டு தடவை என்கிட்டச் சொல்லிவிட்டாரு. ஊரு பூராப் பாக்குதுங்கிறாரு.”

“எடுத்துர்றேன்” என்றான் குழந்தைவேலு. “இதே படத்தை, இந்தக் கை எப்படி இப்படி ஆச்சுங்கிறதோட சேத்து, ஒங்க பேப்பர்ல போடு. போட்ட அன்னைக்கே எடுத்துர்றேன்.”

மாயக்கண்ணன் படத்தைப் பார்த்தான், கட்டிலிருந்த பேப்பரைப் பார்த்தான். அன்றைக்கும் அடியில் கால் பக்கம் விளம்பரம் இருந்தது. சைக்கிளை மிதித்துப் போனான். குழந்தைவேலு ஒரு துணியை எடுத்து வந்து, ரோட்டுப் புழுதி படிந்திருந்த கண்ணாடியைத் துடைத்தான்.